நல்லபிள்ளையின் முகம்

வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்திருப்பது லேசான வேலையில்லை, மேடம். நீலம் கொஞ்சம் கூடிப்போனால் படத்தில் முகம் செத்த முகமாக வரும். குறைந்தால் மஞ்சள் தட்டும். என் ஸ்டூடியோவில் அந்தத் துணியை நானேதான் துவைப்பேன், நானேதான் தேய்ப்பேன். வேலைக்கு ஆள் வைத்தால் அவன் நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று இன்றுவரை ஒண்டியாகவே கடையை ஓட்டுகிறேன்.

நேற்று நீங்கள் இந்த மேசைமேல் பரப்பிக் காட்டிய படங்களெல்லாம் அந்தத் துணியின்மேல் எடுத்தவைதான். சரியாகச் சொன்னால், எல்லாம் ஒரே படம். உங்கள் போலீஸ் ஆபீஸுக்கு வந்திருக்கும் புது மெஷின் பழைய பாஸ்போர்ட் படங்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, இத்தனை குழந்தைகளுக்கும் ஒரே முகம் என்று கண்டுபிடித்துவிட்டது. மனுஷக் கண்ணுக்கு இத்தனை வருஷம் தெரியாதது அதற்குத் தெரிந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கேட்ட கேள்விதான் வருத்தமாக இருந்தது. இதில் எத்தனை குழந்தைகளை விற்றாய் என்று கேட்டீர்கள். வீட்டுக்குப் போய் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. நான் குழந்தை பிடிக்கிறவன் இல்லை, மேடம். குழந்தையைத் தொடுவதென்றாலே எனக்கு ஆகாது. அந்தப் பழி என்மேல் விழக்கூடாது என்றுதான் இன்று நானாகவே வந்தேன். நீங்கள் கேட்காததையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கடை இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் பிறப்புப் பதிவு ஆபீஸ், எதிர்ப்பக்கம் பாஸ்போர்ட் ஆபீஸ், நடுவில் நான். பிள்ளை பெற்றவர்கள் முதலில் அங்கே போய்ப் பெயரைப் பதிந்து சான்றிதழ் வாங்குவார்கள். பிறகு தெருவைத் தாண்டுவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். படம் எடுப்பேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன், ஜெராக்ஸ் போடுவேன். எல்லாம் ஒரே கூரையின் கீழ். எங்கள் தெருவில் அந்த இரண்டு ஆபீஸையும் நம்பிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் குழந்தைப் படம் என்றால் எல்லோரும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். என் படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பது எப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. கண் திறந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். முகம் நேராக இருக்க வேண்டும். பிடித்திருப்பவர் கை தெரியக்கூடாது, நிழல் விழக்கூடாது. சட்டம் போட்டவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றதேயில்லை போலிருக்கிறது. பிறந்த குழந்தை கண்ணைத் திறந்தால் வாயையும் திறக்கும். வாயை மூடினால் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் பாலைக் கக்கும்.

மற்றவர்கள் குழந்தையிடம் பால் வாசனை வருகிறது என்று மூக்கை அதன் கழுத்தில் புதைத்து முகர்வார்கள். எனக்கு அது வாசனையாக இருந்ததே இல்லை. திரிந்த பாலின் நாற்றம் அது. தொப்புளில் கருகிப்போய்த் தொங்கும் துண்டு, கண் ஓரத்தில் காய்ந்த பீளை, தலையில் பொருக்கு, கழுத்து மடிப்பில் ஊறி வெளுத்த அழுக்கு, நைந்த துணியில் மஞ்சளாக ஒட்டியிருப்பது. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து என் வெள்ளைத் துணிமேல் கிடத்துவார்கள். கிடத்திவிட்டு, எச்சில் நூலாக வழியும் வாயில் முத்தம் வேறு கொடுப்பார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, 'செல்லம், இங்க பாரு' என்பேன். ஒவ்வொரு குழந்தை போனபிறகும் உள்ளே போய்க் கை கழுவுவேன். கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது.

நல்லபிள்ளை வந்தது ஒரு மழை நாளில். பெயரெல்லாம் எனக்கு ஞாபகமில்லை, நான் வைத்த பெயர்தான் நல்லபிள்ளை. ஆண் குழந்தை. துணியில் கிடத்தியதும் கண்ணை அகல விழித்து நேராகக் கேமராவைப் பார்த்தது. உதடு சேர்ந்திருந்தது. முகத்தில் ஒரு சொட்டு ஈரமில்லை, ஒரு கீறல் இல்லை. ஒரே தடவைதான் பட்டனை அமுக்கினேன். அந்தப் படம் கம்ப்யூட்டரில் வந்து நின்றதும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அருவருப்பில்லாமல் பார்த்த ஒரே குழந்தை முகம் அது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு குழந்தை வந்தது. அரை நாள் முழுக்க அழுதது. அப்பாக்காரர் ஆபீஸ் மூடிவிடுவார்கள் என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். நான் எடுத்துவிட்டேன், வெளியே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நல்லபிள்ளையின் படத்தை எடுத்து முடியைக் கொஞ்சம் கறுப்பாக்கி, நிறத்தை ஒரு பிடி குறைத்து, அச்சடித்துக் கொடுத்தேன். கண்டுபிடித்துவிடுவார், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். மனைவியிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "அப்படியே உங்கள உரிச்சு வெச்சிருக்கு" என்றாள். அவருக்கு முகமெல்லாம் பல்.

அதோடு எனக்குப் பயம் விட்டுப்போயிற்று, மேடம். அதன்பிறகு படுத்துகிற குழந்தைக்கெல்லாம் நல்லபிள்ளைதான். பெண் குழந்தைகளுக்கும் அதையேதான் கொடுத்தேன். மூக்கு தாத்தாவுடையது என்பார்கள், காது பெரியப்பாவுடையது என்பார்கள். இந்தத் திருட்டு முழி நம்ம வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று ஒரு குடும்பமே என் கடையில் நின்று சண்டை போட்டது. ஒருவருக்குக்கூடத் தன் பிள்ளையின் முகம் தெரியவில்லை. பாசம் பாசம் என்கிறார்களே, அது எவ்வளவு என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆபீஸ்காரர்களும் குறை சொல்லவில்லை. படம் சட்டப்படி இருந்தது. குழந்தை வளர்ந்து முகம் மாறிவிடும், பாஸ்போர்ட்டும் புதுப்பித்துவிடுவார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவள் வந்தபோது இந்தப் பழக்கம் எனக்கு நன்றாகப் படிந்துவிட்டிருந்தது. சின்னப் பெண், முதல் பிரசவம். புருஷன் வெளிநாட்டில் வேலை செய்கிறார். குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அதைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் கிடைத்ததும் தாயும் பிள்ளையும் கிளம்பி அவரிடம் போவதாக ஏற்பாடு. பெற்றவர்கள் இல்லாத பெண், கூட வந்தது அவள் தம்பி மட்டும்தான். குழந்தையைக் கையில் வாங்கக் கூசுகிற வயசு, பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அப்போதெல்லாம் செல்போன் இருந்தாலும் அதில் கேமரா கிடையாது. அந்தக் குழந்தையை அதுவரை யாரும் படம் எடுக்கவில்லை என்று அவளே சொன்னாள். பெண் குழந்தை. இடது புருவத்துக்கு மேலே புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு மச்சம் இருந்தது.

துணியில் கிடத்தினாள். ஒரே ஒரு தடவைதான் பட்டனை அமுக்கினேன். அதற்குள் அது வீறிட்டு அழுது, குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டது. கட்டி கட்டியாக வெள்ளைத் துணியில் பரவி ஓரம்வரை ஊறியது. அவள் பதறிப்போய் மன்னிச்சிக்குங்கண்ணே, நான் துவைச்சுத் தரேன் என்று துணியைச் சுருட்டப் போனாள். நான் சிரித்துக்கொண்டே பரவாயில்லை, குழந்தை என்றால் அப்படித்தான் என்றேன். படம் வந்துவிட்டது, சாயங்காலம் வாங்க என்று அனுப்பினேன். பிறகு உள்ளே போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் நல்லபிள்ளையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள்போல அவள் சிரிக்கவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, மச்சத்தக் காணோமே."

"பாஸ்போர்ட் படத்துல கறை மாதிரி தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டேன்."

"முகமே வேற மாதிரி இருக்குண்ணே."

"அழாத முகத்த நீ எப்பம்மா பாத்திருக்க?" என்றேன். தம்பி சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். இந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது.

விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். அதில் உடம்பில் தெரிகிற அடையாளம் என்று ஓர் இடம் உண்டு. புருவத்து மேல மச்சம்னு எழுதுங்கண்ணே என்றாள். படத்தில் இல்லாததை எழுதினால் ஆபீஸில் கேள்வி கேட்பார்கள், ஊருக்குப் போவது தள்ளிப்போகும் என்று விளக்கினேன். இல்லை என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். படித்த பெண்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷனிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அவருக்கு அனுப்ப ஒரு படம் தனியாகக் கேட்டாள். காசு வாங்காமல் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

குழந்தை காணாமல் போனது பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில். கவுன்ட்டரில் இருந்தவர் ஒரு தாளுக்கு நகல் இல்லை என்று திருப்பிவிட்டார். தம்பி அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தான். அதே நேரத்தில் கவுன்ட்டரில் அவளைக் கூப்பிட்டு ஏதோ கையெழுத்து மறுபடி போடச் சொன்னார்கள். பின்னால் நின்ற ஒரு பெண், குடும்மா, நான் பிடிச்சிக்கிறேன் என்று கை நீட்டினாள். வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற உதவிதான். அவள் கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோது அந்தப் பெண்ணும் இல்லை, குழந்தையும் இல்லை. நான் ஜெராக்ஸ் மெஷினில் தம்பிக்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் போட்ட சத்தம் தெருவைத் தாண்டி என் கடைக்குள் கேட்டது. ஆகவே நான் அங்கே இல்லை என்பதற்கு அவள் தம்பியே சாட்சி. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்கே என்னிடம் வந்தார். குழந்தையின் படம் இருக்கிற ஒரே இடம் என் கடைதான். நோட்டீஸ் அடிக்க வேண்டும், ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றிலும் ஒட்ட வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார். கையில் அவள் சொல்லச் சொல்ல எழுதிய தாள் இருந்தது. அதையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"புருவத்து மேல பெரிய மச்சம்னு சொல்லுது அந்தப் பொண்ணு. படத்துல இல்ல. நீங்க அழிச்சிட்டதா சொல்லுது. உண்மையா?"

இந்த இடத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன், மேடம். அழித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் அழிக்காத படம் எங்கே என்று கேட்பார். அதைக் காட்டினால் அது வேறு முகம் என்று தெரிந்துவிடும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் வெளியே வரும். நான் என்ன செய்வேன்?

"இல்ல சார். அப்படி எந்த மச்சமும் நான் பாக்கல. பெத்து கொஞ்ச நாள்தான் ஆகுது, குழம்பிப் போயிருக்கு பாவம்" என்றேன்.

அவர் தாளில் அந்த வரியை அடித்தார். விண்ணப்பத்திலும் இல்லை என்றுதானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, ஒரு நாளைக்கு எத்தனையோ பிரசவம், எது யாருக்கு என்று எப்படி ஞாபகம் இருக்கும் என்று நர்ஸம்மா கை விரித்துவிட்டதாகச் சொன்னார். தம்பிக்காரனும் உறுதியாகச் சொல்லவில்லை. அவன் அக்கா பிள்ளையை அவன் துணிமூட்டையாகத்தான் பார்த்திருக்கிறான். ஆக, என் வார்த்தைதான் நின்றது. நான் நோட்டீஸ் அடித்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. மெஷின் சூடாகிச் சூடாகி நிற்கும், ஆறவிட்டு மறுபடி போடுவேன். ஊர் முழுக்க நல்லபிள்ளையின் முகம் ஒட்டப்பட்டது. அதே படத்தை வாங்கிப்போன பெற்றோர் ஒருவர்கூட இது என் பிள்ளை முகமாச்சே என்று வந்து கேட்கவில்லை. அச்சு நன்றாக வந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் நோட்டீஸ் போதவில்லை என்று ஒரு கான்ஸ்டபிள் வந்தார். நல்ல மனுஷன், ரயில்வே ஸ்டேஷன் டியூட்டி பார்ப்பவர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"இப்பதான் ஒரு பொம்பளைய நிறுத்தினேன். கைக்குழந்தையோட ஓரமா உக்காந்திருந்தா, முழியே சரியில்ல. நோட்டீஸ குழந்தை முகத்துக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அது வேற குழந்தைங்க. புருவத்து மேல இம்மாம் பெரிய மச்சம். போம்மான்னு விட்டுட்டேன். பாவம், கையெடுத்துக் கும்பிட்டுட்டு அழுதுச்சு."

எந்த ரயில் என்று கேட்டேன். சொன்னார். வண்டி தாமதமாம், இன்னும் பிளாட்ஃபாரத்துக்கே வரவில்லை என்றும் அவரே சொன்னார். ஸ்டேஷன் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். சுளிப்பதற்கு முன்னால் என் இடத்தில் நின்று பாருங்கள். நான் அப்போது வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகும்? அத்தனை குடும்பங்களின் பாஸ்போர்ட்டும் செல்லாமல் போகும். எத்தனை பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், எத்தனை பேர் டிக்கெட் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு குழந்தைக்காக அத்தனை பேரையும் நடுத்தெருவில் நிறுத்துவது நியாயமா? தவிர, அந்தப் பெண் வைத்திருந்தது அதே குழந்தைதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மச்சம் உலகத்தில் ஒருவருக்குத்தான் இருக்குமா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதே ரயில் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு சொல்லி என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டேன்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அன்றைக்கு எடுத்த அந்த ஒற்றைப் படம் அதில் இருந்தது. நான் அதைச் சரியாகப் பார்த்ததே அப்போதுதான். கண்ணை இறுக்கி மூடியிருந்தது. வாய் அண்ணம் தெரியத் திறந்திருந்தது. தாடையில் பால் வழிந்திருந்தது. புருவத்துக்கு மேலே அந்த மச்சம், அதில் முளைத்திருந்த பூனைமுடிகூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியமான படம். அருவருப்பில் எனக்கு உடம்பு கூசியது. அதை அழித்தேன். அழித்தபிறகு வெளியே வந்து, வெள்ளைத் துணியை மறுபடி ஊற வைத்தேன்.

புருஷன் வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்க்காத மனுஷன், நான் பெரிதாகப் போட்டுக் கொடுத்த படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். அவள் அந்தப் படத்தைப் பிடுங்கி, இது நம்ம புள்ளை இல்லீங்க, நான் சொல்றத யாராவது கேளுங்க என்று கத்தினாள். முதலில் எல்லோரும் பாவப்பட்டார்கள். அவள் தினமும் அதையே சொன்னாள். நோட்டீஸைக் கண்ட இடத்தில் கிழித்தாள். போலீஸ் ஸ்டேஷனில் போய் நீங்கள் தேடுகிறது வேறு யாரோ என்று சண்டை போட்டாள். காணாமல் போன குழந்தையின் நோட்டீஸைப் பெற்ற தாயே கிழித்தால் போலீஸ்காரர்கள் என்ன நினைப்பார்கள்? வரிசையில் நின்ற அந்தப் பெண்ணை வேறு யாரும் சரியாகப் பார்க்கவில்லை. இவளே பிள்ளையை ஏதோ பண்ணிவிட்டுக் கதை கட்டுகிறாளோ என்று பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் புருஷன் அவள் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மச்சம் இருந்ததா? இல்லை. படம் அந்தக் குழந்தையுடையதுதானா? ஆமாம். கடைக்கு வந்தபோது குழந்தையிடம் எப்படி நடந்துகொண்டாள்? குழந்தை வாயில் வழிந்ததைக்கூடத் துடைக்காமல் என் துணியைத்தான் சுருட்டப் போனாள் என்றேன். இது முழு உண்மை, மேடம். வேண்டுமானால் எதன்மேலும் சத்தியம் செய்வேன்.

குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. டாக்டர்கள் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனசு கலங்கிப்போகும், பெற்ற பிள்ளையையே தன்னுடையது இல்லை என்பார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புருஷன் வேலைக்குத் திரும்பிப் போனார், பிறகு அவளைக் கேட்டு ஒரு போன்கூட இல்லை என்று தம்பி சொன்னான். வெகு வருஷம் உள்ளே இருந்தாள். அந்த வருஷங்களில் நான் நல்லபிள்ளையின் படத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. தேதிகளைச் சரிபார்த்தால் உங்களுக்கே தெரியும். எனக்கும் மனசாட்சி உண்டு.

இனி நான் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்காதது. போன மாதம் அவள் என் கடைக்கு வந்தாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு ஊதியிருந்தது, மருந்து அப்படிச் செய்யுமாம். முடி முக்கால்வாசி நரைத்துவிட்டது. கோபமாக வந்திருக்கிறாள் என்று நினைத்து மேசையின் இந்தப் பக்கமே நின்றேன். அவள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையாகப் பேசினாள்.

"மச்சம் இல்லைன்னு சொன்னாதான் வெளிய விடுவோம்னாங்கண்ணே. நானும் சொல்லிட்டேன். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே அவ முகம் வர மாட்டேங்குது. கண்ண மூடினா அந்தப் படம்தான் வருது."

நான் மேசைமேல் கிடந்த கவர்களை அடுக்கினேன்.

"போலீஸுக்குப் போக மாட்டேன். கேஸெல்லாம் வேண்டாம். அன்னைக்கு அவ முகத்த அவ்வளவு கிட்ட பாத்தது என்ன விட்டா நீங்க ஒருத்தர்தான். மச்சம் இருந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. நான் பெத்தது யாருன்னு தெரிஞ்சா போதும்ணே."

கடையில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் மூக்கிலிருந்து நீர் வழிந்து உதட்டுக்கு வந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"இல்லம்மா" என்றேன்.

தலையாட்டினாள். ரொம்ப நன்றிண்ணே என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நன்றி என்றுதான் சொன்னாள், மேடம்.

எழுதிக்கொள்ளுங்கள். மச்சம் இருந்தது. இடது புருவத்துக்கு மேலே, புளியங்கொட்டை அளவில். நோட்டீஸில் இருந்தது அவள் பிள்ளை இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் விட்டுவிட்டது அவள் பிள்ளையைத்தான், அது எனக்கு அப்போதே தெரியும். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, அவளுக்குப் பைத்தியம் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பாவம், இப்போதுதான் கொஞ்சம் தேறி வருகிறாள்.